முன்கண்ணாடியை மாற்றினால் கேமராவையும் பாருங்கள்

போன மாதம் பெங்களூர் அல்சூர்க்காரர் ஒருவர் எங்கள் பட்டறையில் காரைக் கொண்டுவந்து விட்டார். "அண்ணே, ஓசூர் ரோட்டுல முன்னாடி ஒண்ணுமே இல்ல, தானா பிரேக் அடிக்குது. உள்ள புள்ளைங்க இருந்தாங்க. பின்னால லாரி வந்திருந்தா?" முகத்தில் இன்னும் பயம் தெளியவில்லை.

கண்ணாடி எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன். கல் தெறித்து விரிசல் விட்டதாம். இரண்டு வாரம் முன்பு ஒரு கடையில் மாற்றியிருக்கிறார். வேலை சுத்தம்தான். கேமராவை காலிபரேட் செய்ய வேண்டும், அதாவது அது நேராகப் பார்க்கும்படி அளந்து சரிசெய்ய வேண்டும் என்று மட்டும் அங்கே யாரும் சொல்லவில்லை.

அடாஸ் (தானாக பிரேக் அடிப்பது போன்ற, ஓட்டுபவருக்கு உதவும் வசதிகள்) உள்ள பல கார்களில், முன்கண்ணாடியை ஒட்டி, பின்னால் வருவதைப் பார்க்கும் உள்கண்ணாடிக்குப் பின்புறம் கேமரா இருக்கும். அது ஒரே ஒரு டிகிரி திரும்பியிருந்தாலும் 100 மீட்டர் தூரத்தில் ஒன்றே முக்கால் மீட்டர் தள்ளிப் பார்க்கும். நெடுஞ்சாலையில் ஒரு லேனின் அகலமே 3.5 மீட்டர்தான். பக்கத்து லேனில் போகிற வண்டி நம் முன்னால் போவதாகக் கணக்குப் போட்டு பிரேக் அடிக்கும். முன்னால் நிற்கிற வண்டியைத் தவறவிடவும் கூடும். எனக்கு இதுதான் பெரிய பயம். வீணாக பிரேக் அடித்தால் எங்களிடம் வந்துவிடுவீர்கள். அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்காவிட்டால்?

மட்டமான தரையில் வண்டியை நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, கொத்தனார் வைத்திருப்பதுபோன்ற தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு வண்டியின் நடுக்கோட்டைத் தரையில் குறித்தோம். அதிலிருந்து டேப் பிடித்து அளந்து, கேமரா பார்ப்பதற்கான கட்டம் போட்ட பலகையை நிறுத்தி, வண்டியின் கணினியோடு பேசும் ஸ்கேனரை மாட்டினோம். சில மாடல்களுக்கு ரோட்டில் ஓட்டியும் பார்க்க வேண்டும். லேன் கோடு தெளிவாக இருக்கிற ரோடு பெங்களூரில் எங்கே இருக்கிறது? விடியற்காலையில் நைஸ் ரோட்டுக்குத்தான் போவேன்.

பம்பரில் அடிபட்டாலும் இதே கதைதான். பல கார்களில் முன்னால் இருக்கும் வண்டியின் தூரத்தை அளக்கும் ரேடார் அங்கே இருக்கும். அதன்மேல் பட்டி பூசி பெயிண்ட் அடித்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். கேமராவுக்கு முன்னால் ஸ்டிக்கரும் வேண்டாம்.

தானியங்கித் திறனை 0 முதல் 5 வரை பிரிக்கிறார்கள். நம் ஊரில் ஓடும் அடாஸ் கார்கள் 2-ஆம் நிலைக்கு மேல் இல்லை. ஸ்டீயரிங் தானாகத் திரும்பினாலும் ஓட்டுவது நீங்கள்தான். பஸ், லாரிகளிலும் தானியங்கி அவசர பிரேக்கைக் கட்டாயமாக்க மத்திய அரசு 2025-இல் வரைவு விதி வெளியிட்டது. வரட்டும், நல்லதுதான். அத்தனை வண்டிகளுக்கும் தூக்குக்குண்டு பிடிக்கத் தெரிந்த கைகள் இப்போது போதாது.

இன்சூரன்ஸில் கண்ணாடி மாற்றுகிறவர்கள், எஸ்டிமேட்டில் காலிபரேஷன் தனி வரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.