கூட்டத்தை நோக்கிச் சுடப்பட்ட பீரங்கி: குண்டுவீச்சுக்கு யார் பொறுப்பு?

குற்றவியல் சட்டம் படிக்கும் ஒவ்வொருவரும் கொலைக்கான இலக்கணத்தைக் கற்கும்போது ஓர் எடுத்துக்காட்டைக் கடந்து வருவார்கள். ஒருவன், தக்க காரணம் எதுவும் இல்லாமல், குண்டு நிரப்பிய பீரங்கியை ஒரு மக்கள் கூட்டத்தின் மீது சுடுகிறான். ஒருவர் இறந்துபோகிறார். இறந்தவரைக் கொல்ல வேண்டும் என்று அவன் திட்டமிடவில்லை. அவர் யாரென்றுகூட அவனுக்குத் தெரியாது. ஆனாலும் அவன் செய்தது கொலை. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 300ஆம் பிரிவில் இருந்த இந்த எடுத்துக்காட்டு, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 101ஆம் பிரிவில் தொடர்கிறது.

சென்னையில் கொலை வழக்குகளில் வாதாடுவது என் தொழில். ஏதாவது ஒரு நாட்டில் குடியிருப்பின் மீதோ மருத்துவமனையின் மீதோ குண்டு விழுந்தது என்ற செய்தி வரும்போதெல்லாம் எனக்கு இந்தப் பீரங்கிதான் நினைவுக்கு வருகிறது. போருக்குத் தனிச் சட்டம் உண்டு. போர்க்களத்தில் எதிரிப் படைவீரனைச் சுடுபவன் கொலைகாரன் அல்லன். ஆனால் கீழே இருப்பவர்கள் படைவீரர்கள் அல்லர் என்று தெரிந்த பிறகும் குண்டைப் போடுகிறவர்கள் சொல்லும் சமாதானங்களை நான் நீதிமன்றத்தில் அன்றாடம் கேட்கிறேன். அவற்றுக்கு நம் சட்டம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் பதில்கள் போர் பற்றிய பேச்சில் மட்டும் ஏன் மறந்துபோகின்றன என்பதுதான் என் ஆதங்கம்.

"கொல்வது எங்கள் நோக்கம் அல்ல" என்பது முதல் சமாதானம். உயர் நீதிமன்றத்தின் சுற்றுச்சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சுட்ட குண்டு விழுந்த இடம் அது. கப்பலின் தலைவர் ஃபான் முல்லர் குறிவைத்தது துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை. அவை எரிந்தன. துறைமுகத்தில் நின்ற வணிகக் கப்பலில் இருந்த சிலரும் உயிரிழந்தார்கள். எண்ணெய்த் தொட்டி போரில் முறையான இலக்குதான். ஆனால் ஒரு நகரத்தை ஒட்டிய இலக்கை இருட்டில் சுடும்போது, தவறிய குண்டு எங்கே விழும் என்பதையும் சுடுகிறவன் தன் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

முப்பது ஆண்டுகளுக்குள் அந்தக் கணக்கே தலைகீழானது. 1941இல் பிரிட்டன் தன் குண்டுவீச்சு விமானங்களின் புகைப்படங்களை ஆராய்ந்தபோது, இலக்கைத் தாக்கியதாகச் சொன்ன விமானங்களில் சுமார் மூன்றில் ஒன்றுதான் இலக்குக்கு ஐந்து மைல் தொலைவுக்குள் வந்திருந்தது. ஆலையைத் தாக்க முடியவில்லை என்று தெரிந்ததும், 1942 பிப்ரவரியில் வந்த உத்தரவு, எதிரி நாட்டுக் குடிமக்களின், குறிப்பாகத் தொழிலாளர்களின், மன உறுதியையே இலக்காக ஆக்கியது. அதாவது குடியிருப்புகளை. இங்கே குறி தவறவில்லை, குறியையே மாற்றிக்கொண்டார்கள். ஹாம்பர்கும் டிரெஸ்டனும் எரிந்தது இப்படித்தான். சிசெஸ்டர் பிஷப் ஜார்ஜ் பெல் 1944 பிப்ரவரியில் பிரபுக்கள் சபையில் எழுந்து இதைக் கண்டித்துப் பேசினார். போர் உச்சத்தில் இருந்தபோது, தன் சொந்த நாட்டின் விமானங்களைப் பற்றி அப்படிப் பேசுவதற்கு என்ன நெஞ்சுரம் வேண்டும்!

அடுத்தது மேலதிகாரியின் உத்தரவு. மேலதிகாரி சொன்னபடி கூட்டத்தின் மீது சுடும் படைவீரன் குற்றவாளி அல்லன் என்று நம் சட்டத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஆனால் அந்த வாக்கியத்தை முழுவதும் படிக்க வேண்டும்: சட்டத்தின் கட்டளைக்கு இணங்க இருந்தால் மட்டுமே. மேலே இருப்பவர் சொல்லிவிட்டார் என்பதால் சட்டத்துக்குப் புறம்பானது சட்டமாகிவிடாது. உயிர் பயத்தால் செய்தேன் என்ற வாதத்தைப் பல குற்றங்களில் ஏற்கும் அதே சட்டம், கொலைக்கு அதை ஏற்க மறுக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நாஜித் தலைவர்கள் மீது நடந்த நியூரம்பெர்க் விசாரணையும் உத்தரவை ஒரு தப்பிக்கும் வழியாக ஏற்கவில்லை. தண்டனையைக் குறைக்க வேண்டுமானால் கருதலாம் என்றது.

என்னிடம் வந்த ஒரு வயதான அம்மா இதைவிட நேராகக் கேட்டார். ஈழத்திலிருந்து வந்து, கும்மிடிப்பூண்டி முகாமில் பல ஆண்டுகள் இருந்தவர். பிள்ளையின் ஆவணச் சிக்கலுக்காக என் அலுவலகத்துக்கு வந்திருந்தார். பிறப்புச் சான்றிதழ் எங்கே என்றேன். வீட்டோடு எரிந்துவிட்டது என்றார். பிறகு, நான் கேட்காமலே, "விமானத்தை ஓட்டி வந்தவனுக்குக் கீழே நாங்கள் இருப்பது தெரியாமலா இருந்திருக்கும், தம்பி? அவனை அனுப்பியவனுக்கு?" என்றார். அவர் கேட்ட வரிசை சரியானது. பலர் சேர்ந்து ஒரே எண்ணத்தோடு செய்த செயலில், ஒவ்வொருவரும் அதைத் தனியாளாகச் செய்ததுபோலவே பொறுப்பாவார்கள் என்பது நம் குற்றவியலின் அடிப்படை. பத்துப் பேர் சேர்ந்து செய்த கொலையில் ஆளுக்குப் பத்தில் ஒரு பங்கு என்று எந்த நீதிபதியும் பிரித்துக் கொடுப்பதில்லை. வரைபடத்தில் புள்ளி வைத்தவர், கையெழுத்திட்டவர், பொத்தானை அழுத்தியவர் என்று கை மாறுவதால் பொறுப்பு தேய்ந்துவிடாது. தனக்குக் கீழிருப்பவர்கள் செய்வதை அறிந்தும் தடுக்காத தளபதியையும், சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய 1998ஆம் ஆண்டின் ரோம் சட்டம் பொறுப்பாக்குகிறது.

எல்லாவற்றிலும் கடினமானது, "இதைச் செய்யாவிட்டால் இன்னும் அதிகம் பேர் இறந்திருப்பார்கள்" என்ற வாதம். இதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன், ஏனெனில் நம் சட்டமே இதற்கு இடம் கொடுக்கிறது. நீராவிக் கப்பலின் தலைவர் ஒருவர், தன் தவறு ஏதுமின்றி, இருபது முப்பது பேர் உள்ள படகின் மீது மோதும் நிலையில் இருக்கிறார். திசையைத் திருப்பினால் இரண்டு பேர் மட்டுமே உள்ள வேறொரு படகின் மீது மோதக்கூடும். அவர் திருப்புகிறார். அது குற்றம் அல்ல. ஆனால் நிபந்தனைகள் உண்டு: அந்தச் சிறு படகை மோதும் எண்ணம் அவருக்கு இருக்கக்கூடாது, ஆபத்து அவ்வளவு நெருங்கியதாக இருக்க வேண்டும், பெரிய படகைக் காப்பதற்காக நல்லெண்ணத்தோடு செய்திருக்க வேண்டும். சிறு படகு தப்பிவிட்டால் அவரைவிட மகிழ்பவர் யாரும் இருக்க மாட்டார்.

ஹிரோஷிமாவை இதில் வைத்துப் பாருங்கள். 1945 முடிவதற்குள் அங்கே சுமார் 1,40,000 பேர் இறந்தார்கள். போர் விரைவாக முடியவும் படையெடுப்பில் சாகவிருந்தவர்கள் பிழைக்கவும் அது தேவைப்பட்டது என்கிறார்கள். அங்கே சிறு படகு வழியில் அகப்பட்டுக்கொண்டதா? இல்லை. அதன் மீது மோதுவதே திட்டம். அந்த மக்கள் தப்பியிருந்தால் திட்டம் தோற்றிருக்கும். ஒருவரைக் காக்கும்போது இன்னொருவர் அடிபடுவதும், ஒருவரைக் காப்பதற்கென்றே இன்னொருவரைக் கொல்வதும் ஒன்றல்ல. 1963இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அந்த அணுகுண்டு வீச்சுகள் சர்வதேசச் சட்டத்துக்கு எதிரானவை என்றே சொன்னது. ஆனால் வழக்குத் தொடுத்தவர்களுக்கு இழப்பீடு கிடைக்கவில்லை.

எதிரி மக்களுக்குள் ஒளிந்தால் என்ன செய்வது? மக்களைக் கேடயமாக்குவது தனிக் குற்றம். அதைச் செய்தவர் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் 1977ஆம் ஆண்டின் ஜெனீவா முதலாம் கூடுதல் நெறிமுறையின் 51ஆம் பிரிவு, ஒரு தரப்பு விதியை மீறியதால் மறு தரப்பின் கடமை நீங்கிவிடாது என்று தெளிவாகச் சொல்கிறது. 2009இல் இலங்கையின் வன்னியில் நடந்த இறுதிப் போரை ஆராய்ந்த ஐ.நா. நிபுணர் குழு 2011இல் தந்த அறிக்கை இரண்டையும் எழுதியது. இலங்கை அரசு தானே அறிவித்த பாதுகாப்பு வலயங்களுக்குள் எறிகணை வீசியது, மருத்துவமனைகளும் தாக்கப்பட்டன. விடுதலைப் புலிகள் மக்களை வெளியேற விடாமல் தடுத்தார்கள், தப்ப முயன்றவர்களைச் சுட்டார்கள். முதல் பாதியை மட்டும் படிப்பவரும் இரண்டாம் பாதியை மட்டும் படிப்பவரும் அங்கே இறந்தவர்களுக்கு நியாயம் செய்யவில்லை. 1996 ஜனவரி 31 அன்று கொழும்பு மத்திய வங்கி வாசலில் புலிகள் வெடிக்கவைத்த லாரிக் குண்டு சுமார் 90 பேரைக் கொன்றது. அன்று அலுவலகம் வந்த குமாஸ்தாவும், இலங்கை விமானப்படை குண்டு வீசிய யாழ்ப்பாணத்து நவாலி தேவாலயத்தில் ஒதுங்கியிருந்த தாயும் எனக்கு ஒரே தராசில்தான். வேறு தராசு வைத்திருப்பவர் சட்டத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

முன்னெச்சரிக்கை கொடுத்தோம் என்பதும் அடிக்கடி கேட்கும் பதில். எச்சரிக்கை பயனுள்ளதாக இருக்க வேண்டும். போக வழியும், போய்ச் சேர இடமும் வேண்டும். 1995 ஜூலை 9 அன்று நவாலியில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்த தேவாலயத்துக்கு மக்கள் போனதே, வழிபாட்டு இடங்களில் ஒதுங்குங்கள் என்ற துண்டறிக்கையைப் பார்த்துத்தான் என்று அங்கிருந்து வந்தவர்கள் சொல்கிறார்கள். எச்சரிக்கைக்குப் பிறகும் போகாமல் இருந்தவர், போக முடியாத நோயாளியாகவோ கர்ப்பிணியாகவோ இருக்கலாம். அவர் அதனால் படைவீரர் ஆகிவிட மாட்டார்.

இவ்வளவு தெளிவான சட்டம் இருந்தும் தண்டனை அரிது. நியூரம்பெர்கில் நகரங்கள் மீதான விமானக் குண்டுவீச்சுக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. வென்றவர்களும் அதையே செய்திருந்தார்கள். ரோம் சட்டத்திலும் 1977ஆம் ஆண்டின் நெறிமுறையிலும் இந்தியா இணையவில்லை. நம் 1960ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டத்தின் கீழ் அரசு தரப்பில் புகார் வந்தால் ஒழிய நீதிமன்றம் வழக்கை எடுக்க முடியாது. சட்டம் தண்டிக்காததால் செய்தவரின் கை சுத்தமாகிவிடுவதில்லை. தண்டிக்கப்படாத கொலைகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்; அவை கொலைகள் அல்ல என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

அதனால் என்னிடம் வரும் ஈழத்துக் குடும்பங்களுக்கு ஒன்றைத் தவறாமல் சொல்கிறேன், சென்னையில் இதைப் படிப்பவர்களுக்கும் சொல்கிறேன். பார்த்ததை எழுதி வையுங்கள். தேதி, பொழுது, ஊர், விமானமா எறிகணையா, அருகில் ராணுவ நிலை எதுவும் இருந்ததா, யார் யார் உடன் இருந்தார்கள், காயம்பட்டவரை எங்கே கொண்டுபோனீர்கள். நேரில் கண்டதையும் கேள்விப்பட்டதையும் தனித்தனியாகக் குறியுங்கள். மருத்துவமனைச் சீட்டு, பழைய புகைப்படம், முகாம் பதிவு அட்டை எதையும் எறியாதீர்கள். அசலை யாரிடமும் கொடுக்காமல் நகலைக் கொடுங்கள். ரோம் சட்டத்தின் கீழ் போர்க்குற்றத்துக்குக் காலவரம்பு கிடையாது. இலங்கை தொடர்பான சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்கும் பொறுப்பை 2021 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை தன் தீர்மானத்தின் மூலம் மனித உரிமை ஆணையர் அலுவலகத்திடம் ஒப்படைத்தது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால், முதலில் அவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.