அஸ்வெசும: பட்டியலில் பெயர் உண்டு, கையில் காசு இல்லை என்பவர்களுக்கு

வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் வங்கிக் கணக்கில் போடும் மாதக் காசுதான் அஸ்வெசும. அது ஏன் வரவில்லை என்று கேட்டால், கிராம சேவகர் "நாங்க தெரிவு செய்யிறதில்ல, டீ.எஸ். ஒபிசில கேளுங்க" என்கிறார். டீ.எஸ். ஒபிஸ் என்ற பிரதேச செயலகத்தில் "எங்கட பக்கம் எல்லாம் சரி, வங்கியில பாருங்க" என்கிறார்கள். வங்கியில் "காசு வந்தாத்தானேம்மா போடுவம்" என்று மறுபடி பிரதேச செயலகத்துக்கே திருப்பி விடுகிறார்கள். கிழக்குக் கரையில் வாகரையிலிருந்து பொத்துவில் வரை எந்த ஊரில் கேட்டாலும் இதே கதைதான். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கத்து ஆட்களுக்கு இந்த ஒரு சுற்றிலேயே ஒரு நாள் கூலி போய்விடும். இந்த அலைச்சலைக் குறைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ், சமுர்த்தி நிவாரணத்துக்குப் பதிலாக 2023 ஜூலையில் வந்தது அஸ்வெசும. பிரிவுகள் நான்கு. 2025 ஜனவரி முதல் வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000 ரூபாய், மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபாய். மற்ற இரண்டு பிரிவுகளுக்கும் தொகை குறைவு, காலமும் குறைவு. காலக்கெடு முடிந்தால் காசு நின்றுவிடும், யாரும் வீடு தேடி வந்து சொல்லமாட்டார்கள். ஆகவே காசு நின்றுபோனவர்கள் முதலில் கேட்கவேண்டியது "என்னை எந்தப் பிரிவில போட்டிருக்கு?" என்பதுதான். அது தெரியாமல் வங்கியில் போய்ச் சண்டை பிடித்துப் பயனில்லை.

சமுர்த்தி அட்டை இருந்தால் தானாக இதற்குள் வந்திருப்போம் என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் உண்டு. அப்படி எவரும் வரவில்லை. புதிதாக விண்ணப்பித்து, வீட்டுக்கு ஆள் வந்து கணக்கெடுத்தவர்களுக்குத்தான் கிடைத்தது.

அந்தக் கணக்கெடுப்பில்தான் பாதிப்பேர் விழுந்தார்கள். கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று 22 குறிகாட்டிகளை வைத்துப் புள்ளி போடுகிறார்கள். ஊரே அறிந்த கஷ்டமாக இருக்கலாம். வந்தவர் போனில் பதிந்த பதில்களுக்குத்தான் புள்ளி. எங்கள் பக்கத்தில் அந்தப் பதில்கள் பிழைத்துப்போன விதங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, வீட்டுத்திட்ட வீடு. சுனாமிக்குப் பிறகோ யுத்தத்துக்குப் பிறகோ யாரோ கட்டிக்கொடுத்த கல்வீடு, ஓட்டுக்கூரை, சீமெந்துத் தரை. உள்ளே அடுத்த நேரச் சோற்றுக்கு அரிசி இல்லை. ஆனால் வீடு என்ற கேள்வியில் அந்தக் குடும்பம் வசதியான குடும்பமாகிவிடுகிறது. வீட்டை மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. ஆனால் மற்றக் கேள்விகளில் ஒன்றையும் விட்டுவிடாதீர்கள். நீண்டகால நோயாளி, மாற்றுத்திறனாளி, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை, நிரந்தரத் தொழில் இல்லாத குடும்பத் தலைவி என்று எதுவானாலும் நீங்களாகவே சொல்லுங்கள். வெட்கப்பட்டு "கஷ்டமில்ல தம்பி, சமாளிக்கிறம்" என்று சொன்ன அம்மாக்களுக்கு அந்த வார்த்தையே வினையாகிவிட்டது.

இரண்டாவது, ஒரே வளவுக்குள் இரண்டு குடும்பம். எங்கள் ஊர்களில் வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் பின்பக்கம் ஒரு கொட்டிலில் தனி அடுப்பு வைத்து இருப்பது வழமை. வந்தவர் வளவைப் பார்த்து ஒரே குடும்பமாகப் பதிந்துவிட்டால், மருமகனின் சம்பளமும் மோட்டார் சைக்கிளும் கிழவனுக்கும் கிழவிக்கும் கணக்காகிவிடும். கரண்ட் மீற்றரும் ஒன்றுதான். இரண்டு வீட்டு யூனிட்டும் ஒரே பில்லில் வரும். தனிச் சமையல், தனி வருமானம் என்றால் அதைக் கிராம சேவகரின் உறுதிப்படுத்தலுடன் எழுத்தில் கொடுத்து, தனிக் குடும்பமாகப் பதியச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னும் உண்டு. வேளாண்மை வெட்டு நேரம் வீட்டில் ஆளில்லாதபோது பக்கத்து வீட்டார் சொன்ன பதில். எப்போதோ விட்டுவிட்டுப் போன புருஷனின் பெயர் குடும்ப அங்கத்தவராகவும் உழைப்பாளியாகவும் இன்னும் நிற்பது. விற்றுக் காசும் செலவழித்த பிறகும் பதிவுப் புத்தகத்தில் உங்கள் பெயரிலேயே கிடக்கும் வாகனம். இவற்றை அடுத்த தகவல் புதுப்பிப்புக்கு முன்னரே சரிசெய்யுங்கள். புதுப்பிக்கக் கூப்பிடும்போது போகாமல் விடவும் வேண்டாம்.

மேன்முறையீடு செய்பவர்கள் எழுதும் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. "நாங்கள் மிகவும் கஷ்டப்படுகிறோம், கருணைகூர்ந்து உதவவும்" என்ற கடிதத்தை வைத்து எந்த உத்தியோகத்தரும் எதையும் மாற்றமுடியாது. எந்தப் பதில் பிழை, சரியான பதில் எது, அதற்கு அத்தாட்சி எது என்று எழுதுங்கள். கிளினிக் கொப்பி, மின் பட்டியல், பள்ளிக்கூடக் கடிதம் என்று இருப்பவற்றின் போட்டோகொப்பியை இணையுங்கள். மூலப் பிரதியை எந்த மேசையிலும் விட்டுவிட்டு வராதீர்கள்.

இனிக் கணக்குப் பிரச்சினை. தெரிவானவர்களுக்கே காசு வராமல் போவது பெரும்பாலும் இங்கேதான். ஒரு பிரதேச செயலக வரிசையில் ஆற்றுக்கு அந்தப்பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மாவைப் பார்த்தேன். சொப்பிங் பேக்குக்குள் பாஸ் புக், எழுத்து அழிந்த பழைய அடையாள அட்டை, புதிதாக எடுத்த அட்டை, மடித்து மடித்து மடிப்பிலேயே கிழிந்த கடிதம் ஒன்று. "மனே, எல்லாம் குடுத்திட்டன், இன்னும் வரல்ல" என்றார். வாங்கிப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. வங்கிக் கணக்கு பழைய ஒன்பது இலக்க அடையாள அட்டையில் திறந்தது. விண்ணப்பத்தில் புதிய பன்னிரண்டு இலக்கம். பெயரிலும் ஆங்கில எழுத்து ஒன்று வேறு. கணக்கு ஒத்துவரவில்லை என்று திருப்பப்பட்டிருக்கிறது. இந்த ஒரு வசனத்தை அவருக்கு யாரும் சொல்லவில்லை. "வரும், பொறுங்க" என்றே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அட்டை இரண்டையும் பாஸ் புக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அதைச் செய்ய ஒருவருக்கும் நேரமில்லை என்பதை என்னால் ஏற்கமுடியவில்லை.

ஆகவே "காசு வரல்ல" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு "வரும்" என்ற பதில்தான் கிடைக்கும். பிரதேச செயலகத்தின் நலன்புரி நன்மைகள் பிரிவில் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். நான் தெரிவாகியிருக்கிறேனா? எனது வங்கிக் கணக்கு உறுதிப்படுத்தப்பட்டிருக்கிறதா? இரண்டாவதுக்கு "இல்லை" என்றால், எந்தக் காரணத்தால் என்று அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நலன்புரி நன்மைகள் சபையின் 1924 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்தும் கேட்கலாம். அடையாள அட்டை இலக்கத்தையும் விண்ணப்ப இலக்கத்தையும் கையில் வைத்துக்கொண்டு எடுங்கள். கணக்கு யாருடைய பெயரில் இருந்ததோ அவர் காலமாகிவிட்டால் மரணச் சான்றிதழுடன் உடனே போய்ப் பெறுநரை மாற்றுங்கள். செத்தவரின் கார்டில் பேசாமல் காசு எடுத்துக்கொண்டிருந்தால் பின்னர் வீண் வழக்கு.

எழுபது வயதைத் தாண்டிய பெரியவர்களுக்கான 5,000 ரூபாயும் அஸ்வெசும பெறும் குடும்பமென்றால் அந்தக் குடும்பக் கணக்குக்கே வரும். மகனின் கணக்கில் விழும் காசு தனக்குரியது என்று தெரியாமலே இருக்கும் அப்பாக்கள் இருக்கிறார்கள். வீட்டில் கேட்பதற்குச் சங்கடமென்றால் கிராம சேவகரிடம் கேளுங்கள்.

கார்டைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். கடைக் கொப்பிக் கடனுக்கும் வட்டிக் காசுக்கும் ஏ.டி.எம். கார்டைப் பின் நம்பருடன் பொறுப்புக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். மாதாமாதம் கடைக்காரரே எடுத்து, தன் கணக்கைக் கழித்து, மிச்சத்தைக் கொடுப்பார். எவ்வளவு வந்தது, எவ்வளவு கழிந்தது என்று குடும்பத்துக்குத் தெரியாது. தொகை கூடிய மாதத்திலும் பழைய மிச்சமே கைக்கு வரும். கடன் இருந்தால் கடன் இருக்கட்டும், காசை நீங்களே எடுத்து நீங்களே கட்டுங்கள். கார்ட் வெளியே இருந்தால் அடையாள அட்டையுடன் உங்கள் வங்கிக் கிளைக்குப் போய் அதை நிறுத்தச் சொல்லலாம். கடைக்காரரின் சம்மதம் தேவையில்லை. கார்டே வேண்டாமென்றால் பாஸ் புக்கைக் காட்டிக் கவுண்டரில் எடுக்கலாம். போகும்போதெல்லாம் பாஸ் புக்கைப் பதிந்து வாங்குங்கள். பின்னர் ஏதும் தகராறு வந்தால் அந்தப் பக்கம்தான் சாட்சி.

காசு போட்ட அன்றே எடுக்காவிட்டால் திரும்பிப் போய்விடும் என்று யாரோ கிளப்பிய கதையை நம்பி, கைக்குழந்தையுடன் வெயிலில் நிற்கிறார்கள். கணக்கில் விழுந்த காசு கணக்கில்தான் இருக்கும். கூட்டம் குறைந்த பிறகு போங்கள். வேறு வங்கியின் மெஷினில் எடுத்தால் கட்டணம் கழியும். "அஸ்வெசும பதிவு" என்று வட்ஸ்அப்பில் வரும் லிங்கைத் தொடவேண்டாம். போனுக்கு வரும் ஓ.டி.பி. இலக்கத்தை, வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று சொன்னாலும் கொடுக்கவேண்டாம்.

சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்தால், அம்பாறை மாவட்டத்தில் இருப்பவர்கள் முக்கியமாக, தமிழில் தரும்படி கேளுங்கள். கிழக்கு மாகாணத்தில் தமிழ் நிர்வாக மொழி. அது சலுகையாகக் கேட்கும் விஷயமில்லை.

இவ்வளவுக்கும் பிறகும் வாய்ப் பதில்தான் கிடைக்கிறது என்றால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத் தகவல் உத்தியோகத்தருக்கு ஒரு விண்ணப்பம் கொடுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்கமுடியாது. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் ஏற்கவேண்டும். பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி தரவேண்டும், 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். அதில் இவ்வளவும் எழுதினால் போதும்: "எனது குடும்பத்துக்குப் பதியப்பட்ட விபரங்களின் பிரதி, நான் போடப்பட்டுள்ள பிரிவு, எனது கணக்கு உறுதிப்படுத்தப்பட்ட திகதி அல்லது நிராகரிக்கப்பட்ட காரணம், எனது மேன்முறையீட்டின் முடிவு ஆகியவற்றைத் தமிழில் தரவும்." கீழே பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், ஒப்பம். ஒரு பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.