வீட்டு மனைக்குக் கீழே ஒரு பூச்சி: ஃபெடரல் அரசின் கை எதுவரை நீளும்?

"அண்ணா, இந்தப் பூச்சியை யாரும் விற்கிறதும் இல்லை, வாங்குறதும் இல்லை. டெக்ஸாஸ் எல்லையைத் தாண்டி ஒரு அடிகூடப் போனதில்லை. அப்புறம் வாஷிங்டனுக்கு இதுல என்ன வேலை?"

ஆஸ்டினுக்கு வடக்கே, வில்லியம்சன் கவுண்டியில் நாலு ஏக்கர் வாங்கிய ஒரு தம்பி, தன் நிலத்துக் குழியில் ஃபெடரல் அரசின் (அதாவது வாஷிங்டனில் உள்ள மத்திய அரசின்) சட்டம் காக்கும் ஒரு பூச்சி இருக்கிறது என்பதால் என்னிடம் கேட்டது இது. நிலம், சுற்றுச்சூழல் அனுமதி என்று இந்தப் பக்கத்தில் பல வருடமாக வக்கீல் தொழில் செய்கிறேன். நம் ஆட்கள் இங்கே நிலம் வாங்க ஆரம்பித்த பிறகு இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. நியாயமான கேள்விதான். ஆனால் இணையத்தில் பாதியைப் படித்துவிட்டு, 'அரசியல் சட்டம் நம்ம பக்கம்' என்று புல்டோசரை இறக்கிவிடுகிறவர்களை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

அவர் நிலத்தில் சுண்ணாம்புப் பாறையில் ஒரு குழி இருந்தது. அனுமதி பெற்ற உயிரியலாளர் ஒருவரோடு நானும் போயிருந்தேன். வெளியே 100 டிகிரி வெயில். குழி வாயில் கையை நீட்டினால் ஈரக் காற்று. அவர் உள்ளே இறங்கி, ஒரு கல்லை மெதுவாகப் புரட்டி, தலைவிளக்கைச் சாய்த்துக் காட்டினார். வெளிறிய ஆரஞ்சு நிறம், கடுகளவு உடம்பு, அதற்குப் பொருந்தாத நீளத்தில் கால்கள். கண் தெரியாது. பெயர் போன் கேவ் ஹார்வெஸ்ட்மேன். பார்த்தால் எட்டுக்கால் பூச்சி என்போம், ஆனால் சிலந்திக்குத் தூரத்து உறவுதான். உலகத்திலேயே டிராவிஸ், வில்லியம்சன் கவுண்டிகளில் மட்டும் வாழ்கிறது. இரவில் குகைச் சில்வண்டுகள் வெளியே வந்து மேய்ந்துவிட்டு உள்ளே திரும்பும். அவற்றின் எச்சமும் முட்டையும் குகைக்குள் இருப்பவற்றுக்குச் சாப்பாடு. மேலே செடிகொடியை வழித்தெடுத்தால் கீழே பட்டினி.

1973-ஆம் வருடத்து அழிநிலை உயிரினச் சட்டம் இப்படிப்பட்ட உயிரைக் கொல்வதையும் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. தெரிந்தே செய்தால் ஒரு வருடம் வரை சிறை, 50,000 டாலர் வரை அபராதம். வாழிடத்தைச் சிதைத்து அதைச் சாகடிப்பதும் இதில் அடங்கும் என்ற விளக்கத்தை 1995-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அந்த விளக்கத்தை விதியிலிருந்து நீக்கும் யோசனையை 2025 ஏப்ரலில் ஃபெடரல் அரசு முன்வைத்தது. அதனால் எதையும் தொடங்கும் முன் அன்றைய நிலையை விசாரித்துக்கொள்ளுங்கள்.

சரி, தம்பியின் கேள்விக்கு வருகிறேன். இந்தியாவில் 1976-ல் 42-ஆவது திருத்தம் காட்டையும் வன உயிர்ப் பாதுகாப்பையும் மத்திய அரசும் மாநிலங்களும் சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியலில் சேர்த்தது. அமெரிக்க அரசியல் சட்டத்தில் காட்டு உயிர்களைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. ஃபெடரல் அரசுக்கு எழுதிக் கொடுத்த அதிகாரங்கள் மட்டுமே உண்டு; மீதி மாநிலங்களுக்கும் மக்களுக்கும் என்று பத்தாவது திருத்தம் சொல்கிறது. ஆகவே தனியார் நிலத்துப் பூச்சியைக் காக்க அது பிடித்துக்கொள்ளும் கொம்பு, மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம். பணத்துக்கும் பூச்சிக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் வழக்கே.

இந்தச் சந்தேகத்துக்கு உயிர் வந்தது 1995-ல், லோபஸ் வழக்கில். சான் அன்டோனியோவில் ஒரு மாணவன் பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டுபோனான். அதைக் குற்றமாக்கிய ஃபெடரல் சட்டத்தை, 'வணிகத்தோடு தொடர்பில்லை' என்று உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் ரத்து செய்தது. அப்படியானால் பூச்சிக்கு மட்டும் என்ன என்று வழக்குகள் வரிசை கட்டின. கலிஃபோர்னியாவில் மருத்துவமனை கட்டவிருந்த இடத்தில் ஒரு ஈ, வட கரோலினாவில் செந்நாய் போன்ற சிவப்பு ஓநாய், யூட்டாவில் பிரெய்ரி நாய் (பெயர்தான் நாய், ஒரு வகைத் தரையணில்). யூட்டாவில் கீழ்நீதிமன்றம் 2014-ல் நில உரிமையாளர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2017-ல் மேல்முறையீட்டில் அது தலைகீழானது.

எங்கள் குகைப் பூச்சிகளின் வழக்கு 2003-ல் முடிவானது. ஆஸ்டின் அருகே கடைகளும் வீடுகளும் கட்ட நினைத்தவர்கள் தொடுத்தது. டெக்ஸாஸ் வழக்குகளை மேல்முறையீட்டில் கேட்கும் ஃபெடரல் நீதிமன்றமான ஐந்தாவது சர்க்யூட், இந்தத் தம்பி சொன்னதை ஏறக்குறைய ஒத்துக்கொண்டது: இந்தப் பூச்சிகளுக்குச் சந்தை இல்லை, இவற்றை ஆராய வருகிறவர்கள் செலவழிப்பதும் சொற்பம், தனியாகப் பார்த்தால் வணிகத்தைப் பெரிதாகத் தொடவில்லை. ஆனால் உயிரினங்கள் ஒன்றை ஒன்று சார்ந்தவை. ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டால் சட்டமே குலைந்துவிடும். எல்லா இனங்களின் அழிவையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும் என்றது. மறுவிசாரணை மறுக்கப்பட்டபோது ஆறு நீதிபதிகள் எதிர்ப்பை எழுதிவைத்தார்கள். உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவில்லை. எனக்கு உறுத்துவது இதுதான்: கண்ணில்லாத ஒரு உயிர் பிழைப்பது 'வணிகம்' என்ற ஒரே நூலில் தொங்குகிறது. நாளைக்கு உச்ச நீதிமன்றம் வேறு மாதிரி வாசித்தால் நூல் அறுந்துவிடும்.

உண்மையான எல்லைகளும் உண்டு. மாநில அதிகாரிகளை ஃபெடரல் சட்டத்தை அமல்படுத்தச் சொல்லி வாஷிங்டன் கட்டளையிட முடியாது. 1997-ல் தீர்ந்த விஷயம். நிலத்தின் பொருளாதாரப் பயன் முழுவதும் பறிபோனால் ஐந்தாவது திருத்தத்தின்படி இழப்பீடு கேட்கலாம், கிடைப்பது கடினம். இன்னொரு பக்கம், வலசைப் பறவை என்றால் அரசுக்கு ஒப்பந்தத்தின் பலமும் சேரும். 1916-ல் கனடாவுக்காகப் பிரிட்டனோடு செய்த ஒப்பந்தம் 1920-ல் மிசௌரி மாநிலத்தின் எதிர்ப்பைத் தாண்டி நின்றது.

அதனால் என் கட்சிக்காரர்களிடம் சொல்வது இதுதான். அரசியல் சட்ட வாதத்தை நம்பி மண்ணைத் தொடாதீர்கள். வாங்கும் முன்பே குகை ஆய்வு கேளுங்கள். உயிரினம் இருந்தால் அழிநிலை உயிரினச் சட்டத்தின் பத்தாவது பிரிவின்படி வாழிடப் பாதுகாப்புத் திட்டம் போட்டு அனுமதி வாங்க வழி இருக்கிறது. அதற்குப் பணமும் பொறுமையும் வேண்டும்தான்.

தம்பி அந்த அனுமதிக்கே போக வேண்டி வரவில்லை. வீட்டு வரைபடத்தைத் திருப்பிப் போட்டு, செப்டிக் டாங்கைச் சரிவின் மறுபக்கம் தள்ளினோம். குழியைச் சுற்றிப் புதரை அப்படியே விட்டார். குகைக்கு நெருப்பு எறும்பு பெரிய எதிரி. அங்கே பூச்சிமருந்து போடக்கூடாது, புற்றில் கொதிதண்ணீர்தான் ஊற்ற வேண்டும். போன மாதம் போனபோது அவருடைய அம்மா அடுப்பில் ஒரு பெரிய குண்டானை ஏற்றியிருந்தார். டீக்கு என்று நினைத்தேன். "இல்லப்பா, எறும்புக்கு" என்றார்.