நீதிபதி மேல் புகார் எழுதுமுன் நகல் மனு போடுங்கள்

இந்த வாரமும் ஒருவர் வந்தார். கையில் பத்துப் பக்கப் புகார். குடியரசுத் தலைவர், பிரதமர், முதலமைச்சர், கலெக்டர் என்று நகல் போகும் பட்டியலே அரைப் பக்கம். அப்பீல் போகத் தீர்ப்பு நகலுக்கு மனு போட்டீர்களா என்றேன். போடவில்லை. முன்சீப் கோர்ட் தீர்ப்புக்கு அப்பீல் கெடு 30 நாள், அது தாண்டிவிட்டது. இனி தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனு போட வேண்டும்.

தீர்ப்பு பாதகமாக வந்தால் அது முறைகேடு ஆகாது. சாட்சியை நம்பவில்லை, பத்திரத்தைப் பார்க்கவில்லை, சட்டத்தைத் தப்பாகப் படித்தார் என்பதெல்லாம் அப்பீலில் சொல்ல வேண்டியவை. நீதிபதி மேல் நடவடிக்கையே வந்தாலும் உங்கள் தீர்ப்பில் ஒரு வரிகூட மாறாது. "பணம் வாங்கிட்டார் சார்" என்கிறார்கள். யார் கொடுத்தது, யார் பார்த்தது என்று கேட்டால், "தீர்ப்பே சாட்சி" என்கிறார்கள். இல்லைங்க, அது சாட்சி இல்லை.

லஞ்சம் கேட்டார், எதிர்த்தரப்பைத் தனியாகச் சந்தித்தார், சாதி சொல்லித் திட்டினார், பெண்ணிடம் அத்துமீறினார் என்றால் கட்டாயம் எழுதுங்கள். கீழமை நீதிபதிகள் உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள். தமிழ்நாட்டில் இந்தப் புகார்களைப் பார்க்கும் சென்னை உயர் நீதிமன்ற விஜிலன்ஸ் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். கலெக்டருக்கு இதில் வேலையில்லை. பிரமாணப் பத்திரமும் சரிபார்க்கக்கூடிய ஆதாரமும் வேண்டும் என்பது 2014 முதல் உள்ள நடைமுறை. மொட்டைக் கடுதாசி வேண்டவே வேண்டாம். தேதி, வழக்கு எண், சொன்ன வார்த்தை, அப்போது கோர்ட் ஹாலில் இருந்தவர்கள், இவ்வளவும் இரண்டு பக்கத்தில் அடங்கும்.

அவமதிப்பு வழக்கு வருமோ என்று பயந்து உண்மையான பாதிப்பு உள்ளவர்கள்தான் வாயை மூடிக்கொள்கிறார்கள். 1971ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவைப் பாருங்கள்: கீழமை நீதிபதியைப் பற்றி நல்லெண்ணத்தோடு உயர் நீதிமன்றத்திடம் சொல்வது அவமதிப்பு ஆகாது. அதையே வாட்ஸ்அப்பில் போட்டால் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

உயர் நீதிமன்ற நீதிபதி என்றால் அந்த நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கோ இந்தியத் தலைமை நீதிபதிக்கோ எழுதலாம். பதவி நீக்கம் நாடாளுமன்றத்தின் வேலை. மக்களவையில் 100 பேரோ மாநிலங்களவையில் 50 பேரோ கையெழுத்திட்டால்தான் தீர்மானமே கொண்டுவர முடியும்.

நீதிபதிக்குக் காது கேட்கவில்லை, நேற்று நடந்த விசாரணை இன்று நினைவில்லை என்பதும் எழுத வேண்டிய விஷயம்தான். ஆனால் தயவுசெய்து திட்டி எழுதாதீர்கள், அவர் உடல்நலம் கெட்ட மனிதர். கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள். என்ன நோய் என்பதை மருத்துவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

புகார் கொடுத்ததாலேயே வழக்கு வேறு கோர்ட்டுக்குப் போய்விடாது. அதற்கு வழக்கை மாற்றக் கேட்கும் மனுவைத் தனியாகப் போட வேண்டும்.