பிரைமருக்குத் தமிழில் அடிப்பூச்சு

"அத்தான், டிராக்டருக்குப் பிரைமர் அடிச்சாச்சு. இனிமே துரு ஏறாது. பெயிண்டை அறுவடை முடிஞ்சு நிதானமா அடிச்சுக்கலாம்."

ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து என் மச்சினன் அனுப்பிய குரல் பதிவு இது. மாமனார் எண்பதுகளில் வாங்கிய மாஸி பெர்குசன் 1035 பல வருடமாகக் கொட்டகையில் கிடந்தது. இப்போது அதைப் பிரித்துப் புதுப்பிக்கிறான். செம்பவாங் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரப் போனவன், தட்டை அப்படியே வைத்துவிட்டு அவனை அழைத்தேன். முப்பது வருடம் சிங்கப்பூர்க் கப்பல் பட்டறைகளில் பெயிண்ட் வேலையோடு வாழ்ந்தவன் நான். பெயிண்டுக்கு முன்னால் இரும்பில் அடிக்கிற பூச்சுதான் பிரைமர். வெறும் பிரைமரோடு மழையில் நின்ற இரும்பை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அவன் அனுப்பிய படத்தில் எஞ்சினை மூடும் பானட் காவி நிறத்தில் மழமழவென்று இருந்தது. ரெட் ஆக்சைடு பிரைமர். அந்தப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. ஈரம் அவற்றின் வழியே இறங்கி இரும்பைத் தொட்டுவிடும். தை அறுவடைக்கு முன்னால் ஐப்பசியும் கார்த்திகையும் இருக்கின்றன. மேலே பூச்சு அழகாகவே தெரியும், அடியில் துரு படரும்.

அவன்மேல் தப்பில்லை. 'பிரைமர்' என்ற சொல்லைக் கேட்டால் அது தனியாக நிற்கக்கூடிய பொருள் என்றுதான் யாருக்கும் தோன்றும். மேலே இன்னொன்று வந்தால்தான் அது முழுமையாகும் என்பதை அந்தச் சொல் நமக்குச் சொல்வதில்லை. சரியான தமிழ்ச்சொல் அவன் வாயில் இருந்திருந்தால் அந்தக் குரல் பதிவே வேறு மாதிரி வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பிரைமரின் வேர் லத்தீன் மொழியின் 'ப்ரீமுஸ்'. பொருள், முதலாவது. நாம் நாள்தோறும் செய்தியில் கேட்கும் 'பிரதமர்' என்பதில் உள்ள வடசொல் 'பிரதம' அதற்குத் தூரத்துச் சொந்தம். ஆங்கிலத்தில் 16ஆம் நூற்றாண்டில் 'பிரைம்' என்ற வினை துப்பாக்கிக்கு மருந்திட்டுத் தயார்ப்படுத்துவதைக் குறித்தது. 1600ஐ ஒட்டி, வண்ணத்துக்கு முந்தைய பூச்சைப் பூசுவதற்கும் அதே வினை வந்தது. பம்பில் தண்ணீர் ஊற்றி அதைக் கிளப்புவதற்கும் பின்னாளில் அந்தச் சொல் வந்தது. குழந்தையின் முதல் பாடநூலும் பிரைமர்தான். நமக்கு அது அரிச்சுவடி. ஆக, 'அடுத்த வேலைக்கு ஆயத்தம்' என்ற கருத்து அந்தச் சொல்லுக்குள் இருக்கவே செய்கிறது. ஆனால் தமிழ் எழுத்தில் 'பிரைமர்' என்று எழுதும்போது அந்தக் கருத்து கூடவே வருவதில்லை. ஒரு டப்பாவின் பெயராக மட்டும் நின்றுவிடுகிறது.

தமிழில் இதற்கு நான் கேட்டிருக்கும் சொற்கள் மூன்று: முதற்பூச்சு, முன்பூச்சு, அடிப்பூச்சு. 'பூச்சு' மூன்றுக்கும் பொது. பேசு பேச்சானதும் வீசு வீச்சானதும் போலப் பூசு பூச்சாகிறது. நெற்றியில் திருநீறு, முகத்தில் மஞ்சள், சுவரில் சாந்து எல்லாம் நாம் பூசுபவைதான். ஒரு பரப்பின்மேல் மெல்லிய படலமாக ஒன்றை ஒட்டவைப்பது என்பது இந்த வினையிலேயே இருக்கிறது. 'வண்ணம் தீட்டுதல்' சித்திரத்துக்குப் பொருந்தும். டிராக்டர் மட்கார்டுக்குப் பொருந்தாது.

லத்தீன் வேரை அப்படியே பிடித்துக்கொண்டால் முதற்பூச்சுதான் வரும். அதில் எனக்குச் சம்மதமில்லை, காரணம் பட்டறையில் கண்டது. கைப்பிடிக் கம்பிகளுக்குப் பிரைமர் முடிந்து காய்ந்திருந்தது. மேலே இரண்டு கோட் நிறம் அடிக்க வேண்டும். மேற்பார்வையாளர் தமிழில், "முதல் பூச்ச ஆரம்பிங்க" என்றார். அவர் சொன்னது நிறத்தின் முதல் கோட்டை. ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த தம்பி, பிரைமர் டப்பாவைத் திறந்து, அதை இறுகவைக்கும் ஹார்ட்னரையும் ஊற்றிக் கலக்கிவிட்டார். அது இரண்டு பொருளைச் சேர்க்கும் எபாக்சி. கலந்துவிட்டால் திரும்பப் பிரிக்க முடியாது, சில மணி நேரத்தில் டப்பாவுக்குள்ளேயே இறுகிவிடும். திட்டு வாங்கியவர் அந்தத் தம்பி. பிழை சொல்லில் இருந்தது. 'முதல்' என்பது வரிசை எண், எந்தப் பூச்சுக்கும் ஒரு முதல் உண்டு. 'முன்பூச்சு' என்றாலும் இதே கதைதான். வாகனத்தின் முன்பக்கப் பூச்சு என்று வேறு ஒரு பொருளும் குறுக்கே வரும்.

'அடி' என்பது இடத்தைச் சொல்கிறது. அடிமரம், அடிவேர், அடித்தளம், அடிவயிறு. அடி என்று சொன்னவுடனே மேல் ஒன்று உண்டு என்று மனம் தானாக எதிர்பார்க்கிறது. என் மச்சினன் தவறவிட்ட செய்தி அதுவே.

இந்தச் சொல்லை நான் புதிதாகச் செய்யவில்லை. ஏற்கெனவே வழக்கில் இருப்பதுதான். இதைவிட இயல்பானது வேறில்லை என்று எனக்குத் தோன்றக் காரணம் வயல். நடவுக்கு முன் கடைசி உழவில் இடுவது அடியுரம், பயிர் வளரும்போது இடுவது மேலுரம். அடியுரம் போட்டாயிற்று, இனி மேலுரம் தேவையில்லை என்று எந்த விவசாயியும் சொல்லமாட்டார். அந்த வயலை உழுகிற டிராக்டருக்கும் அதே அச்சில் அடிப்பூச்சு, மேற்பூச்சு என்று வைத்தால் விளக்கவே தேவையில்லை. போனில் இதைச் சொன்னபோது மச்சினன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப தார்பாய் போட்டு மூடிடட்டுமா அத்தான்?" என்று கேட்டான்.

சிங்கப்பூரில் இருப்பதால் கிடைத்த இன்னொரு சான்று. எங்கள் சீன ஃபோர்மேன் பிரைமரை 'டீ ச்சீ' என்பார். டீ என்றால் அடி, ச்சீ என்றால் பெயிண்ட். இந்தோனேசியத் தொழிலாளிகள் 'சாட் டாசார்' என்பார்கள். அதுவும் அடித்தளப் பெயிண்ட்தான். ஒரே கப்பலின் மேல்தளத்தில் நின்றுகொண்டு இரண்டு மொழிக்காரர்கள் அடியைச் சொல்ல, நாம் மட்டும் ஏன் லத்தீனின் 'முதல்' என்பதைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும்?

ஒரு தடை நியாயமானது. வெள்ளை அடி, பெயிண்ட் அடி என்று நமக்கு 'அடி' வினையாகவும் இருக்கிறது. அடிப்பூச்சு என்றால் 'அடிக்கிற பூச்சு' என்று ஒருவர் புரிந்துகொள்ளலாம். மேற்பூச்சோடு இணையாகச் சொல்லிப் பழகினால் அந்தக் குழப்பம் தீரும். இன்னொன்று, பிரைமருக்கும் மேல் நிறத்துக்கும் நடுவே வரும் அண்டர்கோட்டையும் சிலர் அடிப்பூச்சு என்கிறார்கள். அதற்கு இடைப்பூச்சு என்று பெயர் வைப்பதே ஒழுங்கு. கப்பலில் மூன்றும் உண்டு. டிராக்டருக்கு அடியும் மேலும் பெரும்பாலும் போதும்.

சொல் சரியானால் வேலையின் வரிசையும் தெளிகிறது. அடிப்பூச்சு எதன்மேல் உட்காரப் போகிறது என்ற கேள்வி உடனே வரும். பழைய டிராக்டரில் கிரீஸும் எண்ணெயும் ஊறியிருக்கும். அதை முதலில் கழுவ வேண்டும். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் எண்ணெய் இரும்பின் கீறல்களுக்குள் தேய்ந்து இறங்கும். பிறகு துருவையும் உரிந்த பெயிண்டையும் எடுக்க வேண்டும். ரொம்பப் பழைய வண்டியின் பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். அந்தக் காலத்து இரும்புகளுக்குச் செந்தூர நிறத்தில் அடித்த ரெட் லெட் பிரைமர் ஈய ஆக்சைடேதான். அந்தத் தூசியை மூச்சில் விடக் கூடாது. தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும், முகமூடி வேண்டும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பதால் இதை மட்டும் மூன்று தடவை சொன்னேன். இன்றைய ரெட் ஆக்சைடின் நிறம் வருவது இரும்பு ஆக்சைடிலிருந்து. நம் வாசல் கோலத்துக்குக் காவி கட்டுகிற அதே செம்மண் நிறம்.

காற்றின் ஈரமும் முக்கியம். ஈரப்பதம் 85 விழுக்காட்டைத் தாண்டினால் பட்டறையில் பூச்சு வேலையை நிறுத்திவிடுவோம். காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். இரும்பின் வெப்பம் அதைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸாவது கூடுதலாக இருக்க வேண்டும். செம்பவாங்கில் எத்தனையோ காலைகளை இதற்காகவே காத்திருந்து கழித்திருக்கிறோம். டெல்டாவிலும் மழைக்கால விடியலில் தகரத்தைத் தொட்டால் கை நனையும். வெயில் ஏறித் தகரம் உலர்ந்தபின் தொடங்கு என்றேன்.

மழை இரண்டு நாள் விட்டபோது மட்கார்டுகளைத் தேய்த்து மறுபடி அடிப்பூச்சு கொடுத்தான். அது காய்ந்ததும் தள்ளிப்போடாமல் மேற்பூச்சும் கொடுத்துவிட்டான். தகரத்துக்குச் சிவப்பு, எஞ்சினுக்குச் சாம்பல். நேற்று வந்த குரல் பதிவில் "அடிப்பூச்சு" என்றே சொன்னான், கூடவே ஒரு கேள்வியும் கேட்டான். டீசல் பம்பில் கையால் அழுத்துகிற ஒரு சின்ன நெம்பு இருக்கிறதே, மெக்கானிக் அதையும் பிரைமர் என்கிறாரே, அதற்கும் அடிப்பூச்சு என்பதா?

அது வேறு பிரைமர். டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி, குழாயை டீசலால் நிரப்பும் வேலை அதற்கு. ஊர் மெக்கானிக்குகளே அந்த வேலைக்கு 'ஏர் எடுக்குறது' என்று நல்ல பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த நெம்பைக் காற்றெடுப்பு நெம்பு என்று சொல் என்றேன். அதுதான் தமிழ் என்று இன்னும் முடிவாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை. டிராக்டர் ஓட்டுகிற நாலு பேரிடம் சொல்லிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.