கனடியர்களின் பணிவு எங்கிருந்து வருகிறது?

கனடியர்கள் பணிவானவர்கள், எதற்கெடுத்தாலும் ‘சாரி’ சொல்பவர்கள். எல்லைக்குத் தெற்கே வாழும் அமெரிக்கர்களோ அடாவடிக்காரர்கள் என்ற எண்ணம் இரு நாடுகளிலும் ஊறிப்போயிருக்கிறது. 2005-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஓர் ஆய்வு இத்தகைய எண்ணங்களை 49 பண்பாடுகளில் சோதித்தது. ஏறத்தாழ 4,000 பேரிடம் தங்கள் நாட்டவரின் பொதுவான குணம் என்ன என்று கேட்டு, அந்த விடைகளைத் தனிமனிதர்களின் ஆளுமையை நேரடியாக அளந்து பெற்ற மதிப்பெண்களோடு ஒப்பிட்டபோது, இரண்டுக்கும் பொருத்தமே இல்லை. கனடியர்களும் அமெரிக்கர்களும் தத்தம் நாட்டவரைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணங்கள் வெகுவாக வேறுபட்டன. அளந்த குணங்களோ ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன.

அப்படியானால் அந்த எண்ணம் எதிலிருந்து முளைத்தது? கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலுள்ள மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் இதற்கு ஒரு விடையை முன்வைத்தனர். இரு நாடுகளிலிருந்தும் ஏறக்குறைய 4 கோடி ட்விட்டர் பதிவுகளைத் திரட்டி, எந்தச் சொல் எந்தப் பக்கம் மிகுந்து வருகிறது என்று கணக்கிட்டார்கள். இருவரும் ஒரே அளவில் எழுதும் சொற்கள் கழிந்துபோக, வேறுபாட்டைக் காட்டும் சொற்கள் மட்டும் மிஞ்சின. கனடாப் பக்கம் நன்றியும் பாராட்டும் மகிழ்ச்சியும். அமெரிக்கப் பக்கம் வெறுப்பும் சலிப்பும் கொச்சையும். அடுத்து அவர்கள் செய்ததுதான் சுவையானது: எந்த நாட்டுச் சொற்கள் என்று சொல்லாமல் அவற்றை வேறு சிலரிடம் காட்டி, இப்படி எழுதுபவர் எப்படிப்பட்டவராக இருப்பார் என்று கேட்டார்கள். வந்த விடைகள் பழைய எண்ணங்களையே ஒத்திருந்தன. ட்விட்டரில் எழுதுபவர்களை வைத்து நாட்டையே எடைபோட முடியாதுதான். ஆனால் நாட்டைப் பற்றிய பேச்சு எங்கே ஊற்றெடுக்கிறது என்பதற்கு இது நல்ல தடயம்.

நம் மனமும் இதே கழித்தலைத்தான் செய்கிறது என்று தோன்றுகிறது. எல்லா ஊராருக்கும் பொதுவான பேச்சு காதில் தங்குவதில்லை. கோயம்புத்தூர்க்காரரின் ‘ஏனுங்க’, ‘சரிங்க’ மட்டும் தங்கிவிட, அவர் கடிந்துகொள்ளும்போதும் அதே ‘ங்க’ ஒட்டிக்கொண்டு வருவதை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை.

எண்ணம் வேரூன்றியபின் சான்றுகள் தாமே வந்து சேரும். மன்னிப்புக் கேட்டதையே தவற்றை ஒப்புக்கொண்டதாக உரிமையியல் வழக்கில் கொள்ளக் கூடாது என்று ஒன்டாரியோ 2009-இல் சட்டம் இயற்றியது. கனடியப் பணிவைப் பற்றிப் பேசுபவர்கள் இதைத் தவறாமல் எடுத்துக்காட்டுவார்கள். விபத்துக்குப் பின் சொல்லும் அனுதாபச் சொற்களுக்கு இதையொத்த பாதுகாப்பை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1986-இலேயே வழங்கிவிட்டது. அதை அமெரிக்கப் பணிவுக்குச் சான்றாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.