கடற்கரையில் கிடைத்த கல்: விலை கேட்பதற்கு முன்

ஒவ்வொரு விடுமுறைக்குப் பிறகும் என் வாட்ஸ்அப்பில் கல் படங்கள் வந்து சேரும். கருப்பாக, கனமாக, ஓட்டை ஓட்டையாக ஒரு கல். கூடவே, "சார், இது விண்கல்லா? என்ன விலை போகும்?" என்ற கேள்வி. நிலவியல் படித்து இதையே தொழிலாகச் செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: படத்தை மட்டும் பார்த்து யாராவது உறுதியாகப் பதில் சொன்னால் நம்பாதீர்கள். நிறமும் வடிவமும் ஏமாற்றும். எடை, கடினத்தன்மை, உடைந்த முகம் இவைதான் கல்லைக் காட்டிக்கொடுக்கும்.

விண்கல் சந்தேகத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். காற்றுமண்டலத்தைக் கிழித்துக்கொண்டு வரும்போது விண்கல்லின் மேற்பரப்பு மட்டும் உருகி, மெல்லிய கருந்தோல் ஒன்று படியும். களிமண்ணில் கட்டைவிரலை அழுத்தியது போன்ற பள்ளங்கள் இருக்கலாம். ஆனால் நுரைத்து ஆறிய குமிழ் ஓட்டைகள் இருப்பது மிக அரிது. அப்படி ஓட்டைகள் நிறைந்திருந்தால் அது பெரும்பாலும் உலோகம் உருக்கும்போது மிஞ்சும் உலைக் கசடு. காந்தம் ஒட்டுகிறதே என்பார்கள். கசடுக்குள் இரும்புத் துணுக்கு இருந்தாலும் ஒட்டும், மேக்னடைட் என்ற சாதாரண இரும்புத் தாதுவிலும் ஒட்டும். டைல்ஸின் பளபளப்புப் பூசாத வெள்ளைப் பின்புறத்தில் கல்லைத் தேய்த்துப் பாருங்கள். கருங்கோடு விழுந்தால் மேக்னடைட்டாக இருக்கலாம், செம்பழுப்புக் கோடு விழுந்தால் ஹேமடைட் என்ற இன்னொரு இரும்புத் தாது. விண்கல் பொதுவாகக் கோடு போடாது.

அடுத்தது அடர்த்தி. சமையலறைத் தராசு போதும். முதலில் கல்லை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கி, கல்லை நூலில் கட்டி, முழுவதும் மூழ்கும்படி, ஆனால் அடியிலும் பக்கத்திலும் படாமல் தொங்கவிடுங்கள். அப்போது தராசு காட்டும் எண்ணால் கல்லின் எடையை வகுக்க வேண்டும். கல் 530 கிராம், தராசு காட்டுவது 200 என்றால் அடர்த்தி 2.65. அது குவார்ட்ஸ் என்ற சாதாரணக் கனிமத்தின் அடர்த்தி. இரும்பு விண்கல்லுக்கு இது 7-ஐத் தாண்டும், கல் வகை விண்கற்களுக்குப் பெரும்பாலும் 3-க்கு மேல். இந்த ஒரு கணக்கிலேயே நிறையச் சந்தேகங்கள் தீர்ந்துவிடும்.

சென்னைக் கரையில் கிடைக்கும் கருநீலக் கல் பலருக்கும் வியப்பாக இருக்கும். கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகளிலிருந்து உடைந்து, அலையில் உருண்டு வழவழப்பான சார்னோக்கைட்டாக அது இருக்கலாம். பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் நம் காலடியில் கிடக்கும் அதே பாறைதான். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல் இந்த வகை என்பதால் அவர் பெயரையே 1893-ல் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் இதற்கு வைத்தார். விலை கிடைக்காது, ஆனால் இருநூறு கோடி ஆண்டுக்கும் மேல் வயதான ஒன்று கையில் இருக்கிறது. எனக்கு அதுவே பெரிது.

மிதக்கும் கல் கிடைத்தால் அது எரிமலை நுரைக்கல்லாக இருக்கலாம். 1883-ல் இந்தோனேசியாவின் கிரகட்டோவா எரிமலை வெடித்தபோது வெளிவந்த நுரைக்கற்கள் இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்கக் கரை வரை போயின. எடை குறைந்த பவளத் துண்டுகளும் சில சமயம் மிதக்கும். ஒரு சொட்டு வினிகர் விட்டால் பவளம் பொங்கும், நுரைக்கல் பொங்காது. லென்ஸில் பார்த்தால் பவளத்தில் நட்சத்திர வடிவக் குழிகள் தெரியும். பவளம் என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதைப் பாதுகாக்கிறது. ஆம்பர்கிரிஸ் என்று சொல்லப்படும் திமிங்கல எச்சத்துக்கும் அதே சட்டம்தான். மெழுகு மாதிரியான கட்டி எதையாவது பார்த்தால் வீட்டுக்குக் கொண்டுவராமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். விற்க முயன்றவர்கள் கைதான செய்திகள் அடிக்கடி வருகின்றன.

எனக்கு உண்மையில் கவலை தருவது கல்லைச் சுற்றி வரும் ஆட்கள்தான். இரிடியம் என்ற அரிய உலோகம், அரிசியை இழுக்கும் அதிசயப் பாத்திரம் (ரைஸ் புல்லிங்) என்று சொல்லிப் பணத்தைச் சுருட்டிய அதே பேச்சு இப்போது விண்கல்லுக்கும் வந்திருக்கிறது. "நாசா கோடிக்கணக்கில் வாங்கும், பரிசோதனைக் கட்டணம் மட்டும் முன்பணமாகக் கட்டுங்கள்" என்பார்கள். எந்த ஆய்வு நிறுவனமும் இடைத்தரகரை வைத்து இப்படி வாங்குவதில்லை. கட்டின பணம் திரும்பாது. அப்படி யாராவது கேட்டால் காவல் நிலையத்துக்குப் போங்கள்.

இந்தியாவில் விழும் விண்கற்களுக்குப் பொறுப்பு இந்தியப் புவியியல் ஆய்வு மையம். சந்தேகம் வலுவாக இருந்தால் சுத்தியலால் உடைக்காமல், ஆசிட் ஊற்றாமல், காந்தத்தைத் திரும்பத் திரும்ப ஒட்டிப் பார்க்காமல் உலர்ந்த காகிதத்தில் சுற்றி அங்கே காட்டுங்கள். பக்கத்திலுள்ள கல்லூரியின் நிலவியல் துறையும் உதவும். கிடைத்த இடம், தேதி, அருகில் கல் கொட்டிய தடுப்புச் சுவரோ தொழிற்சாலையோ இருந்ததா என்பதையும் எழுதி எடுத்துப் போங்கள். பாதி விடை பெரும்பாலும் அந்தக் குறிப்பிலேயே இருக்கும்.